கோழிக் கொட்டகையும் நம் உண்கலமும்

சென்ற ஆடித் திங்களில் நம் விடுதி உணவுக் குழுவின் கூட்டமொன்றில், ஞாயிறுதோறும் பரிமாறப்பெறும் கோழி பிரியாணியை நிறுத்திவிடலாமா என்னும் வினா எழுந்தது. அதனை எழுப்பியவர் புலால் உண்ணாதவர் என்று நினைத்துவிடலாகாது. ஆட்டுக்கறிச் சுக்காவில் மிக்க பிரியமுடைய, மேலூர்ப் பக்கத்து மாணவர் அவர். கோடை விடுமுறையில் தம் தாய்மாமனுடைய கறிக்கோழிக் கொட்டகையில் மூன்று வாரம் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். அதன்பின் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தொண்டைக்குள் இறங்கவில்லையாம். கூட்டம் சிரிப்பும் சச்சரவுமாக நடந்து, தீர்மானம் யாதும் இன்றிக் கலைந்தது. ஆயினும் அவ்வினா எம்முள் நால்வரை விடாது தொடர்ந்தமையால், நூல்களைப் பார்த்தும், சந்தைக்கும் கொட்டகைக்கும் நேரிற் சென்றும் யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறிவிடுதல் நலம். புலால் உண்ணலாமா, கூடாதா என்பது இக்கட்டுரையின் விஷயமன்று. அவ்வழக்கு இந்த வைகைச் சமவெளியில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதனை நான்கு மாணவர் தீர்த்துவிட இயலாது. கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும், யானைமலையிலும், அரிட்டாபட்டியிலும், மாங்குளத்திலும் கல்லிற் படுக்கை வெட்டுவித்துக்கொண்டு வாழ்ந்த சமண முனிவர்கள் கொல்லாமையைப் பெரிதும் போற்றினர். வள்ளுவரும் புலால் மறுத்தலுக்கென ஓரதிகாரம் வகுத்தார். மற்றொரு பக்கம், கீழடி அகழாய்வைப் பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், அங்குக் கிடைத்த எலும்புகளுள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகளே பாதிக்கு மேல் என்றும், சில எலும்புகளில் வெட்டுக்காயம் காணப்படுவதால் அவ்விலங்குகள் உணவாயிருத்தல் கூடும் என்றும் கூறப்பட்டுள்ளது. உண்டாரும் மறுத்தாரும் இந்நிலத்தில் அடுத்தடுத்தே வாழ்ந்திருக்கின்றனர். அவ்விரு திறத்தாரும் கண்டறியாத மூன்றாவது பொருளொன்று நம் காலத்தில் வந்துள்ளது. அதுவே தொழிற்சாலைப் பண்ணை.

அதன் வரலாறு ஒரு பிழையில் தொடங்கிற்று. 1923-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெலவேர் மாகாணத்தில் சிசில் ஸ்டீல் என்னும் குடும்பப் பெண் 50 கோழிக்குஞ்சுகளுக்கு எழுதியனுப்ப, குஞ்சுபொரிப்பவர் தவறுதலாக 500 குஞ்சுகளை அனுப்பிவிட்டார். அம்மாது அவற்றைத் திருப்பியனுப்பாமல், முட்டைக்காக அன்றி இறைச்சிக்காகவே வளர்த்து நல்ல விலைக்கு விற்றார். பிறகு அதுவே தொழிலாயிற்று. 1948-ல் அந்நாட்டில் "நாளைய கோழி" என்னும் போட்டி முடிவுற்றது. மார்பு பருத்து விரைவில் வளரும் கோழிக்கே அதிற் பரிசு. அப்போட்டிக்குப்பின் கோழியினம் இரண்டாகப் பிரிந்தது: முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. 1964-ல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் அம்மையார் "விலங்கு இயந்திரங்கள்" என்னும் பொருள்படும் நூலை எழுதி, உணவுப் பிராணிகள் கொட்டகைகளில் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதை வெளிப்படுத்தினார். மறுவருடமே பிராம்பெல் என்பார் தலைமையில் அமைந்த குழு, ஒரு பிராணிக்குத் திரும்பவும், எழவும், படுக்கவும், தன்னைக் கோதிக்கொள்ளவும், கால் நீட்டவுமாவது இடம் வேண்டும் என்று எழுதியது. இவ்வளவையும் கேட்டுப் பெறவேண்டிய நிலைக்கு ஓர் உயிர் வந்துவிட்டது என்பதே வியப்பன்றோ!

நம் நாட்டில் 1971-ல் பி. வி. ராவ் என்பவர் தொடங்கிய வெங்கடேஸ்வரா குஞ்சுபொரிப்பகமும், 1982-ல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் இத்தொழிலைப் பெருக்கின. நாமக்கல் முட்டைக்கும், பல்லடம் உடுமலைப் பகுதிகள் கறிக்கோழிக்கும் பேர்பெற்றன. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கின்படி தமிழ்நாட்டிலுள்ள கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் ஏறத்தாழ 12 கோடி. மாநிலங்களுள் இதுவே முதலிடம். அதே கணக்கில் வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. கணக்கெடுத்த ஒரு நாளின் தொகை இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கறிக்கோழியின் ஆயுள் ஆறு வாரமே ஆதலின், ஓராண்டில் அத்தொகை பன்முறை மாறிவிடும்.

இவ்விடத்தில், நம் ஊரில் எல்லோர் வாயிலும் வழங்கும் ஒரு பொய்யைக் களைதல் அவசியம். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பருக்க வைக்கிறார்கள் என்று தேநீர்க் கடையிலும் வகுப்பறையிலும் கேட்கின்றோம். எம்முள் இருவர் அதனை நம்பியே கொட்டகைக்குச் சென்றோம். ஆறு வாரத்தில் விற்கப்படும் பல்லாயிரம் கோழிகளுக்குத் தனித்தனியே ஊசி போடுவது கைக்கும் எட்டாது, கணக்கிற்கும் கட்டாது. உண்மை அதனினும் சிந்தனைக்குரியது. கனடாவிலுள்ள ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வமிசங்களை ஒரே கொட்டகையில், ஒரே தீவனமிட்டு வளர்த்துப் பார்த்தனர். 2014-ல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி 56-ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். ஊசியில்லை, மந்திரமில்லை. அரை நூற்றாண்டுக்குள் அப்பறவையின் பிறப்பிலேயே அதன் பாரம் எழுதப்பட்டுவிட்டது. இருதயமும் காலெலும்பும் அத்துணை விரைவாக வளர்வதில்லை. ஐந்தாம் வாரத்தில் சில கோழிகள் தண்ணீர்க் குழாய்வரை நடக்கமாட்டாமல் உட்கார்ந்துவிடுவதை எம் நண்பர் நாள்தோறும் கண்டார். அவற்றைப் பொறுக்கி எடுப்பதே அவருக்கு இடப்பட்ட காலை வேலை.

முட்டைக்கோழியின் நிலை வேறுவகை. அதனைக் கம்பிக்கூண்டில் மூன்று நான்காக அடைத்து வைப்பது வழக்கம். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் தேர்வெழுதும் முழுத்தாள் ஒன்றின் பரப்பிலும் குறைவு. சிறகை விரிக்க இயலாது. மண்ணைக் கிளற மண்ணில்லை. ஒன்றையொன்று கொத்தாதபடி அலகின் நுனியை வெட்டிவிடுவர். இவ்வினத்துச் சேவற்குஞ்சுகள் முட்டையும் இடா, கறிக்கும் பயன்படா. ஆகையாற் பொரித்த அன்றே அழிக்கப்படும். ஐரோப்பிய நாடுகள் 1999-ல் சட்டம் செய்து, 2012 ஜனவரி முதல் இத்தகைய வெறுங்கூண்டுகளை விலக்கின. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டிலேயே பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழிகளைப் பேணுவதற்கு வரைவு விதிகளும் வகுத்துக் கொடுத்தது. எனினும் நாமக்கல் சாலையில் பிரயாணம் செய்வோர் கூண்டுகளை இன்றும் காணலாம்.

மருந்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நெருக்கமாக வாழும் பறவைகளுள் ஒன்றுக்கு வந்த நோய் யாவற்றிற்கும் வரும். ஆகவே நோய் வருமுன்னரே, சில சமயம் வளர்ச்சிக்காகவே, தீவனத்திலும் நீரிலும் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியிருந்தது. வேறெந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்கு மருத்துவர் கடைசியாகக் கையிலெடுக்கும் கொலிஸ்டின் என்பதும் இவ்வாறே கோழிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் கொட்டகை வேலியோடு நின்றுவிடுவதில்லை. 2019 ஜூலையில் இந்திய அரசாங்கம் உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

இனி அக்கொட்டகைக்கு வருவோம். மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையோரம், வேம்பு நின்ற மேட்டில் அது நீண்டு கிடந்தது. இருபுறமும் கம்பிவலை, உள்ளே உமி பரப்பிய தரை, தரையே தெரியாதபடி வெண்ணிறப் பறவைகள். நவச்சார வாடை கண்ணைக் கரித்தது. எம் நண்பரின் மாமா எம்மை அன்போடு வரவேற்று மோர் கொடுத்து, ஒளிவு மறைவின்றி யாவற்றையும் காட்டினார். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருவது. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் வளர்ப்பவர் தருவது. கோழி எடுக்கும் நாளில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. இக்கூலியை உயர்த்தக் கோரித் தமிழ்நாட்டில் வளர்ப்போர் பன்முறை போராடியுமிருக்கின்றனர். "கோழி எனதில்லை, தம்பிகளா. கொட்டகை எனது, அதற்கு வாங்கிய கடனும் எனது" என்றார் அவர். பிறகு எம் நண்பரை நோக்கி, "மாப்பிள்ளை, நீங்கள் எல்லோரும் தின்ன மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கடனை எந்தக் காலேஜ் வந்து கட்டும்?" என்று கேட்டுச் சிரித்தார். எம் நண்பர் சிரிக்கவில்லை. அவருடைய விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அம்மாமாவே செலுத்தி வருகின்றார் என்பதை யாம் திரும்பும் பேருந்தில்தான் அறிந்தோம்.

அவ்வீட்டில் மதியம் எமக்கு இட்ட குழம்பில் இருந்தது கொட்டகைக் கோழியன்று. வேம்பின் அடியில் ஏழெட்டுச் சிறுவிடைக் கோழிகள் குப்பையைக் கிளறித் திரிந்தன. வீட்டுக்கென்றால் அவற்றிலிருந்துதான் என்று அத்தை கூறினார். காரணம் கேட்டதற்கு, "ருசி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இவ்விடத்தில் ஜே. சி. குமரப்பாவை நினையாதிருத்தல் இயலவில்லை. 1892-ல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, இலண்டனிற் கணக்கியலும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளாதாரமும் கற்று, தம் இறுதிக் காலத்தில் நம் மதுரைக்குத் தென்மேற்கேயுள்ள தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த அப்பெரியார், சிறையில் இருந்தபோது "நிலைத்த பொருளாதாரம்" என்னும் பொருள்படும் நூலை எழுதினார். அதற்கு 1945-ல் காந்தியடிகள் முன்னுரை வரைந்தார். எடுத்துக்கொள்வதை மட்டும் அறிந்த வாழ்க்கை முறைகளையும், எடுத்ததற்கு ஈடாகக் கொடுக்கவும் அறிந்தவற்றையும் அந்நூலில் அவர் படிப்படியாக வேறுபடுத்திக் காட்டுகின்றார். நிலம் முதலில் மக்களின் உணவுக்கு, பிறகே சந்தைக்கு என்பதும் அவர் கொள்கை. அவர் வாழ்ந்த கல்லுப்பட்டியையும் பேரையூரையும் சுற்றிய மானாவாரிக் கரிசலில், கம்பும் சோளமும் நின்ற புஞ்சைகள் பலவற்றில் இப்பொழுது மக்காச்சோளம் நிற்கின்றது. அதில் மிகுதியும் நம் வாய்க்கு வருவதில்லை. கோழித் தீவன ஆலைக்குச் செல்கின்றது. கறிக்கோழி ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தீவனம் வேண்டும். இறகும் குடலும் நீக்கினால், ஒரு கிலோ கறிக்குச் செல்லும் தீவனம் இரண்டு கிலோவைக் கடந்துவிடும். தானியம் தின்னும் பிராணிகளுள் கோழியே சிக்கனமானது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆனால் நம் சமவெளியில் தானியமே தின்னாத பிராணியொன்று உண்டு.

வெள்ளிக்கிழமை விடியுமுன் திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்குச் சென்றால் அதனைக் காணலாம். யாம் சென்ற நாளில் பனி நீங்கவில்லை. சரக்கு வண்டிகளிலும், சிலர் தோள்களிலும், ஒரு மூதாட்டியின் கையிலிருந்த ஒற்றைக் கயிற்றிலுமாக ஆடுகள் வந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை கரட்டிலும் தரிசிலும் கண்மாய் உள்வாயிலும் மேய்ந்தவை. அறுவடை முடிந்தபின் செம்மறிகளை அரிதாளில் மேயவிட்டு, இரவில் அவ்வயலிலேயே கிடை போடுவர். கிடை போட்ட கீதாரிக்கு வயற்காரர் கூலியோ நெல்லோ கொடுப்பது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் நெடுநாள் வழக்கம். புழுக்கையும் நீரும் அடுத்த விளைச்சலுக்கு உரம். சல்லிக்கட்டிற் பேர்பெற்ற புலிகுளம் மாடுகளும் இவ்வாறு கிடையிற் பழகியவையே. குமரப்பா கேட்ட ஈடு இங்கே வயலுக்குள்ளேயே செலுத்தப்பட்டுவிடுகின்றது.

ஆயின், கோழியை விட்டு எல்லோரும் ஆட்டுக்கு மாறிவிடலாம் என்று யாம் சொல்ல வரவில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, கண்மாய்கள் மனைகளாகின்றன, ஆடு அசை போடுகையில் வெளிவிடும் மீத்தேன் வாயுவும் சிறிதன்று. இன்று உண்ணப்படும் கோழிக்கறியின் அளவுக்கு ஆடு மேய்க்க மதுரை ஜில்லாவைப் போல் எத்தனையோ ஜில்லாக்கள் வேண்டும். நம் பாட்டனார் காலத்தில் ஆட்டுக்கறி என்பது தீபாவளிக்கும், ஊர்க் கொடைக்கும், மருமகன் வருகைக்கும் உரியதாக இருந்தது. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி சுவாமிக்குப் பக்தர் நேர்ந்துவிட்ட ஆட்டையும் சேவலையும் ஆண்டுக்கொருமுறை பிரியாணியாக்கி ஊருக்கெல்லாம் பிரசாதமாக வழங்குகின்றனர். அவ்வூரார் ஒருவர் 1937-ல் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் என்னும் உணவுச்சாலையின் பேர் பிறகு தென்னாடெங்கும் பரவியது. ஆண்டுக்கொருமுறை என்பது வாரத்திற்கு ஏழுமுறை ஆனபோதுதான் கொட்டகை தேவைப்பட்டது.

கணக்கு இவ்வாறு நிற்கின்றது. யாம் விசாரித்த அளவில், ஆட்டுக்கறியின் விலை பிராய்லர் கறியின் விலைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு திங்களில் ஞாயிறு நான்கு. நான்கு ஞாயிறும் கோழிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு ஞாயிறு, அதே அளவு ஆட்டுக்கறி கிடைக்கும். எஞ்சிய மூன்று ஞாயிறும் என்ன உண்பது என்பதுதான் குழுவில் எழுந்த கூச்சலுக்கெல்லாம் காரணம். கத்தரிக்காயும் மொச்சையும் இட்ட குழம்பை ஞாயிற்றுக்கிழமை உணவென்று எவரும் மதிப்பதில்லை. ஆனால் நூறு கிராம் பருப்பிலும் பயறிலும் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலையில் அதனினும் மிகுதி. சோற்றோடு சேர்கையில் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. தட்டைப்பயறு, உளுந்தங்களி, கம்பங்கூழ், விளக்குத்தூண் பக்கத்துப் பருத்திப்பால் யாவும் இங்கேயே உள்ளவை. கருவாட்டையும் குளத்து மீனையும் எண்ணுவோர் எண்ணலாம். கண்மாய் வற்றும் கோடையில் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் நடத்தும் மீன்பிடித் திருவிழாவின் கெளுத்தியும் விராலும் எக்கொட்டகையிலும் வளர்ந்தவையல்ல. புலாலை முற்றும் நீக்க விரும்புவோர் பாலையாவது விடாதிருத்தல் நன்று. பி12 என்னும் சத்து பயிருணவில் இல்லை. அதுவும் வேண்டாதவர் மருத்துவரைக் கேட்டு அதனை மருந்தாகக் கொள்ளவேண்டும்.

விடுதிக்கு வெளியே நாம் உண்பதுதான் பெருஞ்சிக்கல். மாலையில் மாட்டுத்தாவணியிலோ கோரிப்பாளையத்திலோ பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவில் கோழி உண்டா என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கொத்துப் பரோட்டாவில் மட்டுமன்று, சில கடைகளின் மாவிலும் முட்டை உண்டு. அது கூண்டு முட்டையே. கோழியை விட்டுவிட்டு அதன் இடத்தில் நாள்தோறும் இரண்டு ஆம்லெட் உண்பவர், ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்குப் போனவராவார். பழுப்பு ஓட்டைக் கண்டு நாட்டு முட்டை என்று மகிழ்வதும் வீண். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைக் காட்டாது. "நாட்டுக்கோழி" என்னும் பலகையும் அப்படியே. கலப்பினக் குஞ்சுகளைக் கொட்டகையிலடைத்து, பிராய்லரைப்போல் இருமடங்கு காலம் வளர்த்து அப்பேரால் விற்பதுண்டு. எங்கே திரிந்தது, என்ன தின்றது, எத்தனை மாதம் ஆயிற்று என்னும் மூன்று கேள்விக்கு விற்பவர் விடை சொன்னால் வாங்கலாம்.

ஓரிடத்தில் மாத்திரம் எம் கருத்தை யாமே தடுத்துக்கொண்டோம். நம் அரசுப் பள்ளிகளிற் சத்துணவோடு குழந்தைகளுக்கு அளிக்கப்படும் முட்டையும் நாமக்கல் கூண்டிலிருந்தே வருகின்றது. அதனை எடுத்துவிடுக என்று சொல்லும் உரிமை, மூவேளையும் வயிறார உண்ணும் எமக்கு இல்லை. அம்முட்டையை இட்ட கோழிக்கு இன்னும் ஒரு சாண் இடம் கொடுக்கும்படி கேட்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு.

கார்த்திகையில் உணவுக் குழு மீண்டும் கூடிற்று. திங்களுக்கு ஒரு ஞாயிறு திருமங்கலத்து ஆட்டுக்கறி; ஏனைய மூன்றில் மொச்சை, காளான், இளம்பலா பிரியாணி; மூன்று திங்கள் நடத்திப் பார்த்துப் பிறகு முடிவு செய்வது என்று நாற்பத்தொருவருக்கு முப்பத்தெட்டுப் பேர் எதிராக, மூன்று வாக்கு மிகுதியில் ஏற்கப்பட்டது. வினாவை முதலில் எழுப்பிய நண்பர் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை. அன்றிரவே மாமாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் அவரே தெரிவித்தார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பிறகு, அடுத்த முறை கோழி எடுத்ததும் கொட்டகையின் ஒரு பக்கத்து வலையை நீக்கி, வேம்புப் பக்கமாகத் திறந்துவிட்டுச் சிறுவிடை நூறு வளர்த்துப் பார்த்தால் விடுதியில் வாங்கிக்கொள்வார்களா, என்ன விலை கொடுப்பார்கள் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருக்கின்றார். விலையைப் பற்றிக் குழு இன்னும் விடை கொடுக்கவில்லை.